வாசகர் கேள்வி பதில்: மலையின் தலைக்கு மேல் எத்தனை மீட்டர் தண்ணீர்?

சென்ற இதழில் டோங்கா நாட்டின் ஹுங்கா எரிமலை பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். தென் பசிபிக்கில் கடலுக்கடியில் இருக்கும் அந்த மலை 2022 ஜனவரி 15 அன்று வெடித்து, 57 கி.மீ. உயரத்துக்குச் சாம்பலையும் நீராவியையும் எறிந்தது என்பதே அதன் சாரம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நெருப்பைத் தண்ணீர் அணைக்கும் என்றுதான் படித்திருக்கிறோம். கடலுக்குள் இருக்கும் மலை எப்படி ஐயா இவ்வளவு ஆக்ரோஷமாக வெடித்தது? (பட்டர்வொர்த் வாசகர்)

எரிமலையில் எதுவும் எரியவில்லை, அணைப்பதற்கு. உள்ளே இருப்பது சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய பாறைக்குழம்பு. அதோடு தண்ணீர் சேரும்போது என்ன ஆகும் என்பதை, காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டியை வைத்தவர்கள் அறிவார்கள். அங்கே தெறிக்க வைப்பது சூடு மட்டுமல்ல. ஒரு சொட்டு நீர் நொடியில் ஆவியாகி, இருந்ததைப்போல் 1,700 மடங்கு இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. தெறிப்பு அதனால்தான்.

ஆனால் இந்த 1,700 மடங்கு தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு உரிய கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 150 மீட்டர் ஆழத்தில் ஆவி சுமார் 120 மடங்குதான் விரிய முடியும். 1,400 மீட்டரில் ஏறக்குறைய பத்து மடங்கு. 3,000 மீட்டர் ஆழத்தை நெருங்கும்போது கடல்நீர் என்ன சூட்டிலும் கொதிப்பதே இல்லை. நீர் வேறு, ஆவி வேறு என்ற நிலையே அங்கே கிடையாது. ஆகவே ஒரு கடலடி எரிமலையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதன் உயரத்தை அல்ல, அதன் உச்சிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். மிக ஆழமென்றால் குழம்பு தலையணை வடிவில் உருண்டு உருண்டு உறைந்துவிடும், மேலே கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கடல்மட்டத்துக்கு மேலே உச்சி நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீருக்கு அங்கே வேலை குறைவு. இரண்டுக்கும் நடுவே, சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை தண்ணீர் நிற்கும் மலைதான் மோசமானது. வெடிப்பதற்குப் போதிய நீர் உண்டு, வெடிப்பை அமுக்குவதற்குப் போதிய பாரம் இல்லை. ஹுங்காவின் உச்சியில் இருந்த பெரும் பள்ளத்தின் தரை வெடிப்புக்கு முன் சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருந்தது.

இன்னொன்றும் சேர வேண்டும். குழம்பிலேயே நீரும் கரியமில வாயுவும் கரைந்திருக்கின்றன. அழுத்தம் சட்டென்று குறைந்தால் அவை குமிழியாகக் கிளம்பிக் குழம்பைத் தூளாக்கும். தூளானால் நீர் தொடும் பரப்பு பல்லாயிரம் மடங்கு பெருகும். அதனால் இன்னும் ஆவி, இன்னும் தூள். இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் குழம்பின் சூட்டில் ஒரு பகுதி மளமளவென்று வெடிவிசையாக மாறிவிடுகிறது.

கேள்வி: நான் படிவம் 5 மாணவி. ஹுங்கா எரிமலையின் மண்ணியல் அமைப்பு, அது இதுவரை வெடித்த ஆண்டுகள், 2022-ல் நடந்தவை ஆகியவற்றை வரிசையாகத் தர முடியுமா? பள்ளித் திட்டப்பணிக்கு வேண்டும். (செந்தூல், கோலாலம்பூர்)

தரலாம் தங்கையே. கொஞ்சம் நீளும்.

முழுப்பெயர் ஹுங்கா டோங்கா - ஹுங்கா ஹாஅபாய். டோங்காவின் தலைநகர் நுக்குஅலோபாவுக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது; அவற்றில் ஒன்றான பசிபிக் தட்டு மேற்கே நகர்ந்து டோங்கா அகழியில் கீழே அமிழ்கிறது. அந்த அகழியின் வடமுனையில் இரு தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 24 செ.மீ.; உலகில் அளந்தவற்றிலேயே இதுதான் அதிகம். அமிழும் தட்டு தன்னோடு கடல்நீரையும் உள்ளே கொண்டுபோகிறது. ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலிருக்கும் சூடான பாறையில் ஏற, அதன் உருகுநிலை தாழ்ந்து குழம்பு பிறக்கிறது. அகழிக்கு இணையாக எரிமலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். ஹுங்காவில் வருவது ஆண்டிசைட் வகைக் குழம்பு. ஹவாயில் ஆறாக ஓடும் பசால்ட்டைவிட இதற்குப் பிசுபிசுப்பு கூடுதல். ஆகவே வாயு எளிதில் தப்பாமல் உள்ளே அடைபட்டுக் கிடக்கும்.

மலை கடல்தரையிலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் உயர்கிறது, அடிவாரம் 20 கி.மீ. அகலம். வரைபடத்தில் மக்கள் பார்த்துவந்த இரண்டு சிறு தீவுகளும் தனித்தனி மலைகள் அல்ல. சுமார் 4 கி.மீ. அகலமுள்ள ஒரு பெரிய பள்ளத்தின், அதாவது கால்டெராவின், விளிம்பில் நீருக்கு மேல் தெரிந்த இரண்டு துண்டுகள் அவை. உன் திட்டப்பணியில் இந்தக் குறுக்குவெட்டை வரைந்து காட்டு. இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவும் அந்தத் தீவுதான் எரிமலை என்பதுபோல் காட்டுகின்றன. அது தவறு.

இனி வரலாறு. தீவுகளில் படிந்த சாம்பல் அடுக்குகளின் கரிமக் காலக்கணிப்பை வைத்து, கி.பி. 1100-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு பெருவெடிப்பு நடந்தது என்று அறிகிறோம். பதிவான சிறு வெடிப்புகள் 1912, 1937, 1988, 2009 ஆகிய ஆண்டுகளில். 2014 டிசம்பரில் தொடங்கி 2015 ஜனவரி வரை நீடித்த வெடிப்பு, இரு தீவுகளுக்கும் நடுவே 120 மீட்டர் உயரத்துக்குச் சாம்பல் கூம்பு ஒன்றைக் கட்டி மூன்றையும் ஒரே தீவாக இணைத்துவிட்டது. சில மாதங்களில் அலை கரைத்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கரையவில்லை. சூடான கடல்நீர் சாம்பல் துகள்களோடு வினைபுரிந்து அவற்றைச் சிமெண்ட்போல் கெட்டியாக்கிவிட்டது.

2021 டிசம்பர் 20 அன்று மறுபடி தொடங்கியது. மூன்று வாரம் விட்டுவிட்டு வெடித்து, ஜனவரி 11-ல் ஓய்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 14-ஆம் தேதி மீண்டும் பெரிதாக எழுந்தது. 15-ஆம் தேதி சனிக்கிழமை, டோங்கா நேரம் மாலை 5.15 மணி அளவில், அதாவது மலேசியாவில் நமக்குப் பகல் 12.15 மணிக்கு, உச்சகட்டம். சாம்பல் மேகத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு 2,600 மின்னல்கள் வரை பதிவாயின. எந்தப் புயலிலும் இந்த அளவு கண்டதில்லை. ஏறக்குறைய 10,000 கி.மீ. தள்ளி அலாஸ்காவில் வெடிச்சத்தம் காதில் விழுந்தது.

பின்னர் நியூசிலாந்து தலைமையிலான ஆய்வுக் குழு ஒலிக்கற்றைக் கருவியால் கடல்தரையை அளந்தது. முன்பு 150 மீட்டர் ஆழத்தில் இருந்த கால்டெராவின் தரை 850 மீட்டருக்குப் போயிருந்தது. 6 கன கிலோமீட்டருக்கு மேற்பட்ட பொருள் அங்கிருந்து காலி. மலையின் வெளிச்சரிவோ பெரிதாகச் சிதையவில்லை என்பதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்தது. மலை பக்கவாட்டில் பிளக்கவில்லை. உள்ளே குழம்பு காலியானதும் கூரை நேர்கீழாக உட்கார்ந்துவிட்டது.

மேலே போனவற்றில் பெரும்பகுதி அங்கேயே தங்கவில்லை. கனம் தாங்காமல் சரிந்து, கடலுக்குள் பாய்ந்து, சரிவோடு மணிக்கு 122 கி.மீ. வேகத்தில் ஓடியது. கடலடியில் இவ்வளவு வேகமான ஓட்டம் இதற்கு முன் பதிவானதில்லை. டோங்காவின் இணையக் கம்பிகள் அறுந்ததற்கு இந்தச் சாம்பல் வெள்ளமே காரணம். வெளிநாட்டுத் தொடர்பைத் திரும்பக் கொடுக்க ஐந்து வாரம் ஆனது. கரையோரம் சில இடங்களில் அலை 15 மீட்டர் உயரம் ஏறியது. பசிபிக்கின் மறுகரையான பெருவில்கூட இருவர் அலையில் சிக்கி இறந்தார்கள்.

வானிலையில் இது விட்ட தடம் வினோதமானது. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பி, உலகையே இரண்டாண்டு குளிர வைத்தது. ஹுங்கா அனுப்பிய கந்தக டை ஆக்சைடு 5 இலட்சம் டன் அளவுதான். அதற்குப் பதில் 14.6 கோடி டன் நீராவியை, மழை மேகங்களுக்கு மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்தில் ஏற்றியது. அங்கே ஏற்கெனவே இருந்த மொத்த நீராவியில் இது பத்தில் ஒரு பங்கு. நிலத்தில் இருக்கும் எந்த எரிமலையாலும் முடியாத காரியம் இது. தலைக்கு மேல் இருந்த அந்த 150 மீட்டர் கடலின் வேலை.

கேள்வி: 57 கி.மீ. உயரம் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? விமானம்கூட 12 கி.மீ.தானே பறக்கிறது! (பிரிக்பீல்ட்ஸ்)

வழக்கமான வழி, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர் என்று செயற்கைக்கோளில் பார்த்து, அந்தக் குளிர் எந்த உயரத்தில் இருக்கும் என்று தேடுவது. இடி மேகத்துக்கு இது சரிவரும். 17 கி.மீ.-க்கு மேலே போனால் காற்று மறுபடி சூடாகத் தொடங்கும். அப்போது ஒரே வெப்பநிலைக்கு இரண்டு மூன்று உயரங்கள் பொருந்தும், கணக்கு குழம்பிவிடும்.

ஆகவே கோணக் கணக்குக்குப் போனார்கள். அந்த நேரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் மூன்று புவிநிலைச் செயற்கைக்கோள்கள், அமெரிக்கா, ஜப்பான், கொரியா நாடுகளுடையவை, வெவ்வேறு பக்கங்களிலிருந்து அந்த இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரே மேக உச்சி மூன்று படங்களிலும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது. அந்த விலகலிலிருந்து முக்கோணம் போட்டால் உயரம் வந்துவிடும். அடுக்கு மண்டலத்தைத் தாண்டி இடை மண்டலத்துக்குள் போன முதல் எரிமலைப் புகை என்று பதிவானது இப்படித்தான்.

கேள்வி: அந்த வெடிப்பின் காற்றதிர்வு பூமியைச் சுற்றியது என்று எழுதியிருந்தீர்கள். கோலாலம்பூரைக் கடந்தபோது நமக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? அடுத்த முறை நடந்தால் கைப்பேசியிலேயே பதிவு செய்ய முடியுமா? (செராஸ்)

கடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டோங்காவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 9,400 கி.மீ. அந்த அழுத்த அலை நொடிக்கு 310 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போனது. எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அன்று இரவு 8.40 வாக்கில் நம் தலைக்கு மேல் போயிருக்க வேண்டும். பினாங்குக்கு இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து. அதே அலையின் மறுபாதி உலகின் அந்தப் பக்கமாகச் சுற்றி, மறுநாள் பிற்பகல் 3.40 வாக்கில் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்கும். அழுத்த மாற்றம் 1 முதல் 2 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), அதுவும் அரைமணி நேரத்துக்குள் ஏறி இறங்கும். காதுக்கு ஒன்றும் தெரியாது.

கைப்பேசியில் பதியலாம், அதில் காற்றழுத்த உணரி இருந்தால். விலை மலிவான பல கைப்பேசிகளில் இருப்பதில்லை. வாங்கும்போது அம்சப் பட்டியலில் பாரோமீட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தைப் பதியும் செயலி ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை பதியுமாறு வைத்து, மின்னேற்றியில் செருகி, ஒரே மேசையில் குறைந்தது ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தால் வேலைக்கு ஆகாது. 8 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். கொண்டோமினியம் லிப்டில் மூன்று மாடி ஏறினாலே ஹுங்காவின் அலைக்குச் சமமான பள்ளம் உங்கள் வரைபடத்தில் விழுந்துவிடும்.

வரைபடத்தைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் உங்களை ஏமாற்றும். நம் ஊரில் காற்றழுத்தம் நாள்தோறும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்தை ஒட்டியும் இரவு பத்தை ஒட்டியும் உச்சம், அதிகாலை நான்கிலும் மாலை நான்கிலும் தாழ்வு, வித்தியாசம் 2 முதல் 4 ஹெக்டோபாஸ்கல். இது மெதுவான வளைவு. ஆகவே முதலில் ஒரு வாரம் பதிந்து உங்கள் வீட்டின் இயல்பான வளைவு எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, கோலாலம்பூரின் மாலை இடிமழை. மழைக் காற்று வந்து மோதும்போது அழுத்தம் ஒரே தாவாகத் தாவும். அது எரிமலை அலையைப் போலவே தோன்றும். பிரித்தறிய ஒரே வழி, இன்னொரு ஊரில் இருக்கும் நண்பரின் பதிவோடு ஒப்பிடுவது. இடிமழை ஒரு பேட்டையோடு நின்றுவிடும். எரிமலை அலை என்றால் ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஒரே வடிவில், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வரும்.

கேள்வி: கடற்கரையில் சாம்பல் நிறக் கல் ஒன்று கிடைத்தது. தண்ணீரில் மிதக்கிறது. எரிமலைக் கல்லா? (தஞ்சோங் பூங்கா, பினாங்கு)

எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்தால் கிடைப்பது நுரைக்கல், அது மிதக்கும். ஆனால் மிதப்பதெல்லாம் நுரைக்கல் அல்ல. கடலில் மிதந்து வரும் போலிகள் பல. கட்டுமானத்துக்குப் பயன்படும் காற்றுக் குமிழிட்ட இலேசான சிமெண்ட் கல்தான் அதிகம் ஏமாற்றும். வெயிலில் காய்ந்த பவளத் துண்டு, உருகி உறைந்த நெகிழி நுரை ஆகியவையும் உண்டு.

நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று நாள் வெயிலில் காய வைத்துத் தொடங்குங்கள். ஊறிப்போன உண்மையான நுரைக்கல்லும் மூழ்கும் என்பதால், ஈரத்தோடு சோதித்தால் முடிவு தவறும். ஊசியைக் காய்ச்சி ஓரத்தில் குத்திப் பாருங்கள், இளகினால் நெகிழி. கத்தியால் கொஞ்சம் சுரண்டி அந்தத் தூளின் மேல் வினிகர் விடுங்கள். குமிழிட்டால் பவளம் அல்லது சிமெண்ட். கல்லின் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள், ஓட்டைகளில் அடைபட்ட காற்று வெளிவருவதைப் பார்த்து வினை நடப்பதாக நினைத்துவிடுவீர்கள். காந்தம் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் உலைக்கசடு, அது பொதுவாக மிதக்காது.

இவற்றையெல்லாம் தாண்டிவிட்டால் உருப்பெருக்கியில் பாருங்கள். சிமெண்ட் கல்லில் குமிழிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே உருண்டை. எங்கோ ஒரு பக்கம் வெட்டிய நேர்விளிம்பும் இருக்கும். நுரைக்கல்லில் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும், பல குமிழிகள் ஒரே திசையில் நீண்டு இழைபோல் தெரியும், நடுவே பளபளக்கும் வெண்படிகமோ கரும்புள்ளியோ புதைந்திருக்கும். விளிம்பைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தால் கீறல் விழும், ஏனென்றால் நுரைக்கல்லே எரிமலைக் கண்ணாடிதான். மேலே காம்போடு கூடிய கொட்டலசுகள் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்கள்) ஒட்டியிருந்தால், பல வாரங்கள் கடலில் மிதந்து வந்த கல் என்று கொள்ளலாம்.

எந்த மலையிலிருந்து வந்தது என்பதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு வேதியியல் பகுப்பாய்வு தேவை. எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு ஒரு சான்று மட்டும்: தோக்கியோவுக்குத் தெற்கே 1,300 கி.மீ. தொலைவில் புகுதொகு-ஓகனோபா என்ற கடலடி எரிமலை 2021 ஆகஸ்ட் 13-ல் வெடித்தது. அக்டோபரில் அதன் நுரைக்கற்கள் ஒகினாவா துறைமுகங்களை அடைத்துக்கொண்டு நின்றன. மீன்பிடிப் படகுகளின் குளிர்நீர்க் குழாயில் கல் புகுந்து இயந்திரங்கள் சூடேறிக் கெட்டன.

கேள்வி: படகோ கப்பலோ கடலடி எரிமலைக்கு மேலே போனால் ஆபத்தா? மலாக்கா நீரிணையில் அப்படி ஏதும் உண்டா? (கோலா சுங்கை பினாங்கு)

மலாக்கா நீரிணையில் இல்லை. ஆழம் குறைந்த கண்டத்திட்டு அது. இயங்கும் எரிமலை எதுவும் அதன் அடியில் கிடையாது. அந்தமான் கடலில் பேரன் (Barren) தீவு என்ற எரிமலை உண்டு, பினாங்கிலிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. வடமேற்கே. கண்ணுக்குத் தெரிவது 354 மீட்டர்தான், கடல்தரையிலிருந்து அளந்தால் 2 கி.மீ.-க்கு மேல். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991 முதல் அவ்வப்போது வெடித்துவருகிறது.

ஆபத்து உண்மை. 1952 செப்டம்பர் 24 அன்று, தோக்கியோவுக்குத் தெற்கே மியோஜின் கடலடி எரிமலையை ஆராயப் போன ஜப்பானிய அளவைக் கப்பல், 5-ஆம் எண் கையோ மாரு, வெடிப்பில் சிக்கி அழிந்தது. கப்பலில் இருந்த 31 பேரும் மாண்டார்கள்; அவர்களில் 9 பேர் விஞ்ஞானிகள். கரீபியக் கடலில் கிரெனடா தீவுக்கு 8 கி.மீ. வடக்கே கிக்-எம்-ஜென்னி என்ற எரிமலை, உச்சி சுமார் 180 மீட்டர் ஆழத்தில். 1939 ஜூலை 24-ல் முதன்முதலாகப் பதிவான அதன் வெடிப்பு கடலுக்கு மேல் 275 மீட்டர் எழுந்தது. இப்போதும் அதைச் சுற்றி 1.5 கி.மீ. எப்போதும் மூடப்பட்ட பகுதி. நடமாட்டம் கூடினால் 5 கி.மீ. ஆகும்.

வெடிக்காதபோதும் விலகிப் போகச் சொல்வது வாயுக் குமிழிக்காக. நீரில் பத்தில் ஒரு பங்கு குமிழி கலந்தால் அதன் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த அளவுக்குப் படகு கூடுதலாக அமிழும். நிறையச் சுமை ஏற்றி, விளிம்பு நீர்மட்டத்துக்குக் கிட்டே இருக்கும் படகுக்கு அதுவே போதும். பசும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக நிறம் மாறிய நீர், அழுகிய முட்டை வாடை, செத்து மிதக்கும் மீன், மிதக்கும் கல், படகின் அடியில் யாரோ தட்டுவதுபோன்ற சத்தம் என்று எது தென்பட்டாலும், வேடிக்கை பார்க்க நிற்காமல் காற்று வரும் திசை நோக்கி விலக வேண்டும்.

கேள்வி: கடலடி எரிமலை வெடிப்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா? (பாயான் லெப்பாஸ்)

ஒரு மலையில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து சுமார் 480 கி.மீ. தள்ளி, 1,400 மீட்டர் ஆழத்தில் அக்ஸியல் என்ற எரிமலை. தட்டுகள் பிரியும் முகடும், ஆழத்திலிருந்து சூடு மேலெழும் சூடுபுள்ளி ஒன்றும் சந்திக்கும் இடம் அது. வருவது பசால்ட் குழம்பு. 1998, 2011, 2015 என்று மூன்று முறை கண்முன் வெடித்தது.

அங்கே கால்டெராவின் தரையில் அழுத்தமானிகளை வைத்திருக்கிறார்கள். குழம்பு நிறைய நிறையத் தரை உப்பி எழும், மேலே நிற்கும் நீரின் உயரம் குறையும், அழுத்தம் குறையும். ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால் சென்டிமீட்டர் கணக்கில் தரையின் அசைவு தெரிந்துவிடுகிறது. கருவியின் அளவீடு ஆண்டுக்கணக்கில் தானாகவே நகரும் என்பதுதான் இதில் தொல்லை. தரை உயர்கிறதா, கருவி பிசகுகிறதா என்று தெரியாது. அதற்காக எரிமலைக்கு வெளியே அசையாத இடத்தில் ஓர் ஒப்பீட்டுப் புள்ளி வைத்து, ஆளில்லா நீர்மூழ்கியில் இன்னொரு அழுத்தமானியை எடுத்துப்போய் ஒவ்வொரு புள்ளியிலும் வைத்து அளந்து திருத்துகிறார்கள்.

சென்ற முறை எந்த மட்டத்துக்கு உப்பியதும் வெடித்ததோ, கிட்டத்தட்ட அதே மட்டத்தை எட்டும்போது மறுபடி வெடிக்கும் என்பது கணிப்பின் அடிப்படை. இதை வைத்து 2014 செப்டம்பரில், அடுத்த ஆண்டு வெடிக்கும் என்றார்கள். 2015 ஏப்ரல் 24-ல் வெடித்தது. ஒரே நாளில் ஏறக்குறைய 8,000 சிறு நிலநடுக்கங்கள், தரை 2.4 மீட்டர் கீழே இறங்கியது. கரைவரை கம்பி இழுத்திருந்ததால் எல்லாம் உடனுக்குடன் பதிவானது. ஹுங்காவின் உச்சியில் அப்படி ஒரு கருவியும் இருக்கவில்லை. செலவையும் ஆபத்தையும் பார்த்தால் விஷயம் தலைகீழ்: யாருக்கும் தீங்கு செய்யாத ஆழ்கடல் மலைக்குக் கருவிகள் குவிந்திருக்கின்றன, கரையோர மக்களை அடிக்கக்கூடிய ஆழமில்லாத மலைகள் பலவற்றுக்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: எரிமலையால் பினாங்குக்கு சுனாமி வருமா? (தெலுக் பஹாங்)

பினாங்கு கவலைப்பட வேண்டியது எரிமலையை அல்ல, சுமத்ரா - அந்தமான் அகழியின் நிலநடுக்கத்தை. 2004 டிசம்பர் 26 அன்று மலேசிய நேரம் காலை 8.58-க்கு நிலம் நடுங்கியது. அலை பினாங்கைத் தொட்டது பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். நான்கு மணி நேரம் இருந்தது, சொல்ல ஏற்பாடு இல்லை. அதன் பிறகுதான் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் சுனாமி எச்சரிக்கை அமைப்பு வந்தது.

எரிமலை சுனாமியில் உள்ள சிக்கல், பெரிய நிலநடுக்கம் இல்லாமலே அது வரும் என்பது. 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தா எரிமலையின் தென்மேற்குச் சரிவு கடலுக்குள் சரிந்தது. 338 மீட்டர் உயர மலை 110 மீட்டர் ஆனது. நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை அமைப்பு அசையவே இல்லை, 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அது சுண்டா நீரிணையில். அங்கிருந்து பினாங்குக்கு அலை வர வேண்டுமானால் சுமத்ராவைச் சுற்றியோ ஆழமில்லாத குறுகிய கடலைத் தாண்டியோ வர வேண்டும், வலுவிழந்துவிடும்.

கடற்கரையில் இருக்கும்போது நில அதிர்வை உணர்ந்தாலோ, ஓதம் இறங்கும் நேரம் அல்லாதபோது கடல் உள்வாங்கினாலோ, எச்சரிக்கைக்குக் காத்திராமல் உள்பக்கமாக நடங்கள். நேரமில்லையென்றால் அருகிலுள்ள கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மேல் ஏறுங்கள். முதல் அலை போனதும் கீழே இறங்காதீர்கள். பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம், அதுவும் அரைமணி, ஒரு மணி கழித்து வரலாம்.

கேள்வி: நம் கொடிமலை ஒரு பழைய எரிமலை என்று சிறுவயதிலிருந்தே கேள்விப்படுகிறோம். உண்மையா? (ஆயர் ஈத்தாம்)

இல்லை. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்ல ஆறி உறைந்த குழம்பு அது, வெளியே வரவே இல்லை. மேலிருந்த பாறை தேய்ந்து போனதால் இப்போது தெரிகிறது. மலை இரயில் பாதையோரம் வெட்டிய பாறையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிய பெரிய படிகங்கள் இருக்கும். மெல்ல ஆறினால்தான் படிகம் அவ்வளவு வளரும். பேராக்கின் வெந்நீர் ஊற்றுகளும் எரிமலையால் சுடுபவை அல்ல. கருங்கல்லின் பிளவுகளில் ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பும் நீர் அது.

எரிமலைச் சாம்பலைப் பார்க்க வேண்டுமானால் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே கோத்தா தம்பானில் கற்கருவிகள் கிடைத்த அகழாய்வு இடத்தை மூடியிருந்த வெண்சாம்பல், ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது நீரிணையைத் தாண்டி வந்து விழுந்தது.